மாங்காய் போன வழி

என் கணவர் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். போன வருடம் அவருடைய பகுதிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் மாற்றலாகி வந்தாள். அதற்குப் பிறகு எங்கள் அம்பிட்டிய வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் அவள் பேச்சுத்தான்.

ஒருநாள் மாங்காய்ச் சம்பலை அவர் தட்டில் வைத்தேன்.

"மேங்கோங்கிற இங்கிலீஷ் சொல்லு நம்ம மாங்காயிலருந்துதான் போச்சாம். போர்த்துக்கீசன் உக்கார்ற கதிரை, அலுமாரிங்கிற சொல்லெல்லாம் நமக்குக் குடுத்துட்டு மாங்காயத் தூக்கிட்டுப் போயிட்டானாம். அவங்க சொன்னாங்க" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தமிழ் ஆசிரியை. கல்யாணமான புதிதில், புசல்லாவையில் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், இதே சொல்லின் கதையை அவருக்குச் சொன்னேன். மலையாளக் கரையில் காதில் விழுந்ததைப் போர்த்துக்கீசர் 'மங்கா' ஆக்கிக்கொண்டதுவரை சொன்னேன். கம்பளை வருமுன்பே தூங்கிவிட்டார்.

அவளுக்கு என்ன வயது, எப்படி உடுத்துவாள் என்று சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவர் அதையெல்லாம் கவனித்திருக்கவே இல்லை. அவள் சொன்ன சொற்களைத்தான் கவனித்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

கடைசியில் நானே அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்து வரச் சொன்னேன். ஒரு பை தோடம்பழத்துடன் வந்தாள். என்னைவிட இளையவள், அழகி. சோறு போடும்போதே ஆரம்பித்துவிட்டேன். தோடம்பழத்துக்கு இங்கிலீஷில் சொல்கிற ஆரஞ்சும் நம் பக்கத்திலிருந்து போன சொல்தான் என்கிறார்கள், நாரத்தங்காயில் இருக்கிற அந்த 'நார'தான் பாரசீகம், அரபு என்று மேற்கே போய், போன வழியில் முதலெழுத்தைத் தொலைத்துவிட்டு ஆரஞ்சாகித் திரும்பி வந்தது என்றேன். அவளைத் தோற்கடிக்கத்தான் சொன்னேன்.

அவள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டாள்.

"உண்மையாவோ அக்கா? எனக்கு இது தெரியாது. முதல்ல இருந்து சொல்லுங்கோ."

சொன்னேன். இடையிடையே கேள்வி கேட்டாள். ஒவ்வொன்றும் நல்ல கேள்வி. என் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் புறப்பட்டபோது, இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இப்போது அவள் எனக்குத்தான் போன் செய்கிறாள். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் இருவருக்கும் நேரம் போவதே தெரியாது. நான் போனை வைத்ததும் கணவர் பேப்பரை மடித்துவிட்டுக் கேட்பார்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

அன்றைக்கு அவ்வளவு நேரமும் பேசியது நானாகத்தான் இருக்கும். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.