அவளுடைய முதல் ஓட்டு

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கு எனக்கு மாற்றலானபோது, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவளும் கூடவே வந்துவிட்டாள். ஊருக்கு நாங்கள் அக்கா தங்கை. வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டியாகத்தான் வாழ்ந்தோம். அதைச் சொல்ல எங்களிடம் வேறு வார்த்தை இல்லை.

வாக்காளர் பட்டியல் எழுத வந்தவரிடமும் அக்கா என்றே சொல்லித் தொலைத்தேன். "அப்போ அப்பா பேரு ஒண்ணுதான்" என்று அவர் பாட்டுக்கு என் அப்பா பெயரை அவளுக்கும் எழுதிக்கொண்டு போனார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே திருத்தியிருக்க வேண்டும், புத்தி கெட்டவள் நான்.

நெருக்கடி நிலை முடிந்து தேர்தல் வந்தது. வேடந்தாங்கல் பக்கம் அவள் பிறந்த வீட்டில், அண்ணன் காட்டுகிற சின்னத்தில்தான் பெண்கள் குத்த வேண்டும். அந்த வீம்பில் அவள் ஓட்டே போட்டதில்லை. "இந்த வாட்டி என் இஷ்டத்துக்குக் குத்துவேன். உன்கிட்டகூட சொல்ல மாட்டேன் போ" என்று ஒரு வாரமாக அதே பேச்சு. அதற்கென்று புது ரவிக்கை வேறு தைத்துக்கொண்டாள்.

வாக்குச்சாவடியில் எனக்கு மை வைத்து, ஓட்டுச்சீட்டும் கொடுத்தாகிவிட்டது. அடுத்து அவள் பெயரையும் அப்பா பெயரையும் படித்ததும் கட்சி ஏஜென்ட் ஒருவன் எழுந்தான். எங்கள் தெருவில் பெண் கட்டியவன். சொந்த ஊர் அவள் ஊர்.

"சார், இவ எங்க ஊரு பொண்ணு. வூட்ட வுட்டு ஓடியாந்தவ. இவ நைனா பேரு இது இல்ல. கள்ள ஓட்டு சார்!"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, உன்கூடப் பொறந்தவளா? பொய் சொன்னா ஜெயிலு. கவர்மெண்ட் வேலை வேற பாக்குற."

வரிசையே என் வாயைப் பார்த்தது. அவளும்தான். தப்பு என்னுடையது, இவள் என்னோடு இருப்பவள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"இல்ல சார். வாடகைக்கு இருக்காங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். பாவி, எப்படித்தான் வாய் வந்ததோ!

அவளை வெளியே அனுப்பினார்கள். நான் மறைப்புக்குப் பின்னால் போய்க் குத்திவிட்டு வந்தேன். ஆமாம், அதையும் செய்தேன்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாடகைக்கு இருக்கறவதானே, காலி பண்ணிடறேன்" என்றாள். அழவில்லை. மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவள்தான்.

மூன்றே மாதத்தில் அடுத்த தேர்தல், அதே பட்டியல். வெளியூரிலிருந்து வந்த கட்சிக்காரர் பட்டியலைப் பார்த்துப் பெயரும் நம்பருமாக இரண்டு சீட்டு எழுதிக் கொண்டுவந்தார். இரண்டிலும் என் அப்பா பெயர்.

"அக்கா எங்கம்மா, காணோம்?"

"ஊருக்குப் போயிருக்கு. வந்துடும்" என்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த முறை நானும் ஓட்டுப் போடப் போகவில்லை.