தட்டுக்கு அடியில் போடுகிற துணி

தேயிலைத் தோட்டத்துத் தொர பங்களாவில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, சாப்பாட்டு மேசையில் துணி போடுவது. மேசை முழுவதையும் மூடுகிற விரிப்பு அல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஒன்றாகப் போடுகிற சின்ன வெள்ளைத் துணி, ஒரு முழ நீளம், மூலையில் நீல நூலில் பூ. மொத்தம் ஆறு. அவற்றை ‘மேட்’ என்று சித்தப்பா சொன்னார். அவர்தான் அந்தப் பங்களாவின் சமையல் அப்பு. என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவரே.

“தட்டு வழுக்காம இருக்கவா சித்தப்பா இது?”

“மேசையில சூடு படக்கூடாது புள்ள. பட்டா மரம் வெளுத்துப்போகும். அதுக்குத்தான்.”

“அப்ப துணியில சூடு பட்டா?”

“துணி பேசாமக் கெடக்கும். நீயும் பேசாமப் போடு.”

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் தட்டு தரையில்தான் இருக்கும். தரைக்குச் சூடு பட்டதென்று யாரும் கவலைப்பட்டதில்லை. இந்த மேசையோ நாலு ஆம்பிளைகள் சேர்ந்தாலும் நகராது. அதைக் காப்பாற்றுவதற்கு, ஒரு சொட்டு விழுந்தாலே வீணாகிற துணி. அதுவும் தொரசாணியின் அம்மா சீமையில் இருந்து கையால் தைத்து அனுப்பியது. அந்த அம்மா இறந்துவிட்டார் என்றும் சித்தப்பா சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து துணியைத் தொடவே எனக்குக் கை கூசியது.

ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். கல்யாணமான முதல் வருஷம் மழையில் கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்து, வயிற்றில் இருந்ததை இழந்தவள் நான். இப்போது மறுபடியும் மூன்று மாதம். வீட்டுக்காரருக்கும் சித்தப்பாவுக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பங்களாவில் சமதரையில் நடக்கலாம். அங்கிருந்து அனுப்பிவிட்டால் மறுநாள் விடியக்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், அப்புறம் மலை ஏற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் தொர சோறும் கறியும் சாப்பிடுவார். அந்த ஞாயிறு கோழிக்கறிக் கிண்ணத்தைக் கொண்டுபோனேன். கை பொறுக்க முடியாத சூடு. மேசையில் வைக்கக்கூடாது என்பது ஞாபகம் வந்தது. காலியாக இருந்த இடத்து மேட்டின் மேல் வைத்தேன். சாப்பாடு முடிந்து கிண்ணத்தை எடுத்தபோது அடியில் வழிந்திருந்த குழம்பு துணியில் வட்டமாகப் பதிந்திருந்தது. மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் மாட்டிக்கொண்டேன்.

யாரும் பார்ப்பதற்குள் மடியில் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அவசரத்தில் சவுக்காரத்தைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள், ஆரத்தித் தண்ணி மாதிரி சிவந்துபோயிற்று. எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சிவப்பு போய்ப் பழைய மஞ்சளே வந்தது.

“மஞ்சக் கறைக்கு வெயிலுதான் மருந்து,” என்றார் சித்தப்பா. அவர் முகமும் சரியில்லை. கொழும்பிலிருந்து தோட்டத்தைப் பார்க்க வருகிற பெரிய தொரைக்கு வியாழக்கிழமை மத்தியானம் விருந்து. ஆறு பேர். ஆறு மேட்டும் வேண்டும்.

அது ஆடி மாதம். கொட்டகலைப் பக்கம் ஆடியில் வெயிலைப் பற்றிப் பேசினாலே சிரிப்பார்கள். திங்கள் முழுக்க மழை. செவ்வாய்க்கிழமை மழை விட்டது, பனிமூட்டம் இறங்கியது. நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பின்வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன். சாயங்காலம் சித்தப்பா கூப்பிட்டார்.

“பட்டிப்பொல சுரங்கத்துக்கு அங்கிட்டு வெயில் அடிக்குமாம். இங்க மழைன்னா அங்க காயுமாம். ரயில்ல வேலை செய்யிற ஆளுக சொல்லுவாங்க. நீ நாளைக்குச் சுரங்கம் தாண்டுனதும் வர்ற ஓகியாவுக்குப் போ. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்னு தொரசாணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு துணியக் காயப்போடக் கோச்சி ஏறணுமா? ஒங்க சித்தப்பனுக்குத்தான் கிறுக்குன்னு நெனச்சேன்.” ஆனாலும் காலையில் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தார்.

அதுவரை நான் தனியாக ரயில் ஏறியதில்லை. துணியை ஈரத்தோடு தூக்குச்சட்டிக்குள் வைத்திருந்தேன். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மூடியைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா சோறு என்று நினைத்து, “பசிச்சாச் சாப்பிடேன் புள்ள” என்றார். நானுஓயா தாண்டியும் மழை. அம்பேவெலயிலும் மழை. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். பட்டிப்பொலைக்கு அப்புறம் சுரங்கம் வந்து பெட்டி இருட்டானது. வெளியே வந்தபோது கண் கூசியது. அந்தப் பக்கம் வானம் நீலமாக இருந்தது.

ஓகியாவில் ஸ்டேஷனுக்குக் கீழே ரயில்பாதை வேலைக்காரர்களின் வீடுகள். அங்கே புல்லில் துணியை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தேன். காற்று அப்படி அடித்தது. காயக் காயத் தண்ணீர் தெளித்துத் திருப்பிப் போட்டேன். ஒரு வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் என்னையே பார்த்தாள்.

“எந்த ஊரு நீ?”

“கொட்டகலப் பக்கம்.”

“ஆத்தாடி! இந்தக் கைக்குட்டையக் காயப்போடவா அங்கேருந்து வந்த?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து கறையைப் பார்த்தாள். “போயிரும், போயிரும். பாத்துக்கிட்டே இருந்தா போகாது. வந்து தேத்தண்ணி குடி,” என்றாள். குடித்தேன், ஆனால் வாசலில் நின்றபடிதான் குடித்தேன். உள்ளே போய் உட்கார முடியவில்லை. கறை குறைகிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை. திரும்புகிற ரயில் வருவதற்குள் வட்டம் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை ஆறு மேட்டையும் வரிசையாகப் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஐந்து, பழைய பல் மாதிரி மங்கலாக இருந்தன. ஒன்று மட்டும் பளீரென்று இருந்தது. அதைக் கடைசி நாற்காலிக்கு மாற்றினேன். அங்கே இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மறுபடி நடுவுக்கு மாற்றும்போது தொரசாணி வந்துவிட்டார்.

“இது யார் கழுவினது?”

“நான்தான் தொரசாணி.”

“எப்படி இவ்வளவு வெள்ளை?”

“வெயில்ல போட்டேங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். பனிமூட்டத்தில் முற்றத்துப் பூச்செடிகூடத் தெரியவில்லை.

“எங்கே வெயில்?”

“ஓகியாவுல.”

“நீ நேற்று ஆஸ்பத்திரி.”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் எல்லாம் தானாக வந்துவிட்டது. கிண்ணம் வைத்தது, குழம்பு, சவுக்காரம், ரயில். கடைசியில், சொல்லக்கூடாது என்று நினைத்திருந்ததையும் சொன்னேன். “என்னைய மலைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க தொரசாணி. வயித்துல புள்ள இருக்கு.” அவருக்குத் தெரிந்த தமிழில் இதில் எவ்வளவு விளங்கியதோ. அந்த மேட்டையும் பக்கத்தில் இருந்ததையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். நீலப் பூவைக் கட்டைவிரலால் தடவினார்.

“நாளைக்கு இந்த ஐந்தும் கொண்டு போ,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று முழுக்க நான் அதையே யோசித்தேன். ஐந்தையும் வெளுத்துக் கொண்டுவந்த பிறகு என்னை மலைக்கு அனுப்புவாரா? வயிற்றைப் பற்றி ஏன் ஒன்றும் கேட்கவில்லை? “இப்பவே ஏன் சாகுற? நாளைக்குப் பாப்போம்,” என்றார் சித்தப்பா.

மறுநாள் காலையில் ஐந்து மேட்டையும் ஒரு பையில் மடித்து எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். தொரசாணி வராந்தாவில் நின்றார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார், அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார்.

“அப்பு,” என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார். “பை நீ தூக்கு. ஸ்டேஷன் வரைக்கும்.”

ஐந்து துணி என்ன கனம் இருக்கும்? ஒரு தேங்காய் அளவுகூட இருக்காது. சித்தப்பா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் முன்னால் நடந்தார். “பாரத்தப் பாரு, இடுப்பு ஒடியுது,” என்று முனகினார். நான் வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தேன்.