காஜா அக்கா ஒப்புக்கொள்ளாத பாவம்

தையல் ஃபேக்டரியில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதே இல்லை. சட்டையில் பொத்தான் ஓட்டை போடும் காஜா மெஷின் அவளுடையது. அதனால் சூப்பர்வைசரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் காஜா அக்கா. வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்த பிறகும் அந்த வாய் அடங்கவில்லை. விடிந்ததும் அவரைத் துடைத்து, உடை மாற்றி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, குழைத்த சோற்றை ஊட்டிவிட்டு, ஓட்டமும் நடையுமாக வேலைக்குக் கிளம்புவாள். கடவுளிடமும் அவளுக்கு ஒளிவுமறைவு கிடையாது. "பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க? கொஞ்சம் கை கொடுத்தா என்னவாம்?" என்று பாத்திரம் தேய்த்தபடியே கேட்பாள்.

வீட்டுக்காரருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் சபையிலிருந்து ஜெபக்குழு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பாடும். பேச்சு குழறிப்போன மனுஷன், பாட்டென்றால் முகம் மலர்ந்து கூடவே முனகுவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவர் வாரம் முழுவதையும் தள்ளுகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

அதில்தான் மண்ணைப் போட வந்தார் ஜெபக்குழுத் தலைவர். ஒரு வெள்ளிக்கிழமை, செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்றார்.

"சிஸ்டர், இவ்வளவு ஜெபிச்சும் ஒண்ணும் அசையலேன்னா, இந்த வீட்டுல ஏதோ மறைஞ்ச பாவம் இருக்கு. ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி அதை ஒத்துக்கிட்டு அறிக்கை பண்ணிடுங்க. இல்லேன்னா நாங்க இனிமே வந்து பிரயோஜனம் இல்ல."

பாட்டு நின்றுபோனால் அந்த மனுஷன் என்ன ஆவார்? சரி, ஏதாவது ஒரு பாவத்தைக் கொடுத்துத் தொலைப்போம் என்று தேட ஆரம்பித்தாள். தைத்த சட்டையில் பிசிறு பார்ப்பதுபோல வாழ்க்கையையே விரித்துப் போட்டுப் பார்த்தாள், பாவம்! ஓவர்லாக் மெஷின்காரியோடு ஜன்னலோர இடத்துக்குப் போட்ட சண்டை. அதற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டாயிற்று. ஃபேக்டரி நூல்கண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது. இது தேறும்!

சபை நடப்பது சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில். ஞாயிற்றுக்கிழமை தலையைக் குனிந்தபடி மைக்கைப் பிடித்தாள்.

"ஃபேக்டரி நூலை எடுத்துட்டேன். ஆண்டவர் மன்னிக்கணும்."

முன்வரிசையிலிருந்து தலைவர் எழுந்தார். "சிஸ்டர், நூலுக்கெல்லாம் பக்கவாதம் வராது. பெருசா ஏதோ இருக்கு. மறைக்காதீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

"அப்போ எதுக்குத்தான் வரும் பிரதர்? எந்தப் பாவத்துக்கு எந்த வியாதின்னு கடை போர்டு மாதிரி எழுதி மாட்டுங்க, பார்த்துக்கறோம்."

"சிஸ்டர், கொஞ்சம் அமைதியா..."

"போன வருஷம் பல்லுவலியில கன்னம் பன்னு மாதிரி வீங்கி வந்தீங்களே, அது எதுக்கு வந்துச்சு? நாங்க யாராவது கேட்டோமா?"

இந்த முறை சபையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினாள். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.

"குத்தம் பண்ணவங்களுக்குத்தான் கஷ்டம்னா, அங்க ஆணி அடி வாங்கினவர் என்ன குத்தம் பண்ணாரு? வலி தாங்காம அவரே கத்தினாரு. நானும் கத்துவேன். அவர்கிட்டயே போய்க் கத்துவேன். எதுக்கு இந்தக் கஷ்டம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க. என் வீட்டுக்காரர் எழுந்தாலும் எழுந்திரிக்காட்டியும் நான் ஆண்டவரை விடமாட்டேன். பண்ணாத பாவத்தையும் ஒத்துக்கமாட்டேன். இனி வர்றதும் வராததும் உங்க இஷ்டம்!"

அவள் மைக்கை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. அவர் கதவையே பார்த்தபடி படுத்திருந்தார். அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தானே ஆரம்பித்தாள். ஐயோ, அது பாட்டா? மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனது, கீழே வர வேண்டிய இடத்தில் காணாமலே போனது.

அவர் முகத்தைச் சுளித்தார். "சு... சுருதி..."

"ஆமா, படுத்துக்கிட்டே துரைக்குச் சுருதி கேக்குதா? கிடைச்சதை வெச்சு சமாளிங்க!"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோணிய வாயால் சிரித்தபடியே முனக ஆரம்பித்தார். அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அவள் சட்டென்று நிறுத்தி, கட்டிலில் இருந்தவரைப் பார்த்தாள்.

அவர் சுவரை ஒரு பார்வை பார்த்தார். "இன்னும்... சத்தமா," என்றார்.

அவள் அடுத்த சரணத்தை எடுத்தாள்.