போர்டு மேல் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

மார்க்கெட் முக்கில் அன்று பலத்த காற்று. சுவரிலிருந்து பிய்ந்து வந்த ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ரோட்டில் கிடந்தது. போகிறவர் வருகிறவர் காலெல்லாம் அதன்மேல் பட்டது. லோடு ஆட்டோ ஓட்டும் காணை ஊர்க்காரன் சவுரிராயன் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். போஸ்டரில் இருந்த பெரியவர் முகத்தைத் தோள் துண்டால் துடைத்தான். டீக்கடை பிரபாவதியிடம் கொஞ்சம் மைதா கரைத்து வாங்கி, எதிர்க் கம்பத்தில் துருப்பிடித்திருந்த தகரத்தில் ஒட்டினான்.

"சொந்தக்காரரா தம்பி?"

"யாருன்னே தெரியாதுக்கா. வெங்கடாசலம்னு போட்டிருக்கு. பதினாறாம் நாள் காரியம்கூட ஆகல. அதுக்குள்ள மிதிபடணுமா?"

நாலாம் நாள் அதே கம்பத்தடியில் வண்டியை நிறுத்தி மல்லாட்டைக் கடலை மூட்டை இறக்கினான். போலீஸ்காரர் போட்டோ பிடித்து அபராதம் போட்டுவிட்டார். வண்டி நிறுத்தக்கூடாத இடமாம். அந்தத் தகரம்தான் அதற்கான போர்டாம்.

"ஐநூறு ரூபாதானே, கட்டித் தொலைச்சிட்டு வேலையப் பாரேன்" என்றாள் பிரபாவதி.

"இருபத்திரெண்டு வருஷமா ஓட்டறேன், என் வண்டி மேல ஒரு கேஸ் கெடையாது. தப்பு பண்ணாம ஏன்க்கா தலை குனியணும்?"

ஸ்டேஷனில் போய்க் கேட்டான். போர்டு நகராட்சியுடையது, அது சரியில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் ரத்து பண்ணலாம் என்றார்கள். நகராட்சியில் மனு கொடுத்து ஒரே வாரத்தில் மூன்று தடவை அலைந்தான். ஒரு வழியாக ஆனந்தராஜ் என்ற அலுவலர் இடத்தைப் பார்க்க வந்தார்.

போஸ்டர் ஒட்டியதைப் பார்த்த சாட்சி பிரபாவதி ஒருத்திதான். "யாரு ஒட்டினதுன்னு கேட்டா என்னா சொல்றது? தெரியாதுன்னுடவா?" என்று சவுரிராயன் காதோடு கேட்டாள்.

"பார்த்ததைச் சொல்லுக்கா. ஆண்டவரு பார்த்துக்கினுதான் இருக்காரு."

அலுவலர் அதையேதான் முதலில் கேட்டார். மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள்.

"அட! மறைச்சதும் நீ, மனு குடுத்ததும் நீயா? பலே ஆளுய்யா!" என்றார் அலுவலர். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

சவுரிராயன் அசையவில்லை. "வெறும் தகரம்னு நெனச்சிதான் சார் ஒட்டினேன். எடுத்துப் பாருங்க. அடியில ஒரு எழுத்து இருந்தா ரெண்டு மடங்கா கட்டறேன்."

அலுவலர் கையை நீட்டினார். படத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டார். காரியம் முடியாதவர் போஸ்டரைக் கிழிக்க அவருக்கும் மனசு வரவில்லை. "நீயே எடுப்பா."

சவுரிராயன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். "மன்னிச்சிக்கோங்க பெரியவரே, ஒரு நிமிஷம்." தண்ணீர் தொட்டுத் தொட்டு ஓரத்திலிருந்து உரித்தான். ஒரு முனைகூடக் கிழியவில்லை. அடியில் துருதான். எழுத்தும் இல்லை, சிவப்பு வட்டமும் இல்லை.

ஆனந்தராஜ் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

"புதுசா ஒரு போர்டும் வெச்சிடுங்க சார். நாளைக்கு இன்னொருத்தன் மாட்டக்கூடாது."

"வெச்சா உன் வண்டியும்தான் இங்க நிக்காது, பைத்தியக்காரா!" என்றாள் பிரபாவதி.

"பின்தெருவுல விட்டுட்டு நடந்து வர்றேன். காலு இருக்குதில்ல?"

பெரியவரைக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனான். அபராதம் ரத்தானது. பத்து நாளில் பளபளவென்று போர்டும் வந்தது.

மறுவருஷம் சவுரிராயன் மகள் அஸ்வினிக்குத் திண்டிவனத்தில் வேலை கிடைத்து, குடும்பமே அங்கே கிளம்பியது. சாமான் ஏற்றிய வண்டியைப் பின்தெருவில் விட்டுவிட்டு, சொல்லிக்கொள்ள நடந்தே வந்தான். பிரபாவதி அவனைப் பார்த்தது அதுதான் கடைசி. டீயைக் குடித்து டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்:

"அந்தப் போர்டைப் பார்த்துக்கோக்கா. யாரு போஸ்டர் வந்தாலும் அது மேல ஒட்ட விடாதே. என்னுது வந்தாலும் உன் கடைச் சுவருதான்."