கஸாவும் பின்வாங்கிய சாமியும்

கஸாவுக்குத் தெய்வங்களின் முகங்கள் தெரிந்த அளவுக்கு அவர்களிடம் பயம் தெரியாது. தொழில் அப்படி. அரசர்களுக்காக மலைக்குள் தோண்டிய கல்லறைகளில் நான் சுவர் பூசுகிறவன். என் பூச்சு காய்ந்ததும் காவியில் நனைத்த நூலைச் சுண்டிக் கட்டம் போட்டு, அதன்மேல் தெய்வங்களை வரைகிறவன் அவன். நாள் முழுக்க ஒருவர் காதையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தால் மரியாதை கொஞ்சம் தேய்ந்துதான் போகும்.

"தோத்துக்கு இன்னிக்குச் சளி போல. மூக்கு தடிச்சுப் போச்சு பாரு" என்பான், எழுத்துக்குச் சாமியான தோத்தின் அரிவாள் மூக்கன் பறவைத் தலையை வரைந்தபடி. செத்தவர்களைக் காக்கும் அனுபிஸின் நரிக் காதைத் தீட்டும்போது, "இவ்வளவு பெரிய காது இருந்தும் நாம கேக்குறது எதுவும் விழ மாட்டேங்குதே" என்று பெருமூச்சு விடுவான். எங்கள் ஊருக்கு மேலே நிற்கும் சிகரத்தில் குடியிருக்கிற பாம்புத் தெய்வத்துக்கு மௌனம்தான் பிடிக்கும். அவளுடைய நிழலிலேயே பிறந்து இத்தனை காலமும் ஓயாமல் பேசி, இன்னும் கஸா கடிபடாமல் இருக்கிறான் என்பதே அவளுடைய பொறுமைக்கு அத்தாட்சி.

அவனை நம்பிக்கை இல்லாதவன் என்று சொல்லிவிட முடியாது. மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது பிரசவம் காக்கும் நீர்யானைத் தெய்வத்தின் பொம்மையைக் கட்டில் காலில் கட்டிவிட்டு, அதன் காலையே பிடித்துக்கொண்டு அழுதவன்தான். வலி வந்தால் பக்தி, வலி போனால் வாய். ஊரில் பலரும் அப்படித்தான். இவன் அதைச் சத்தமாகச் செய்தான், அவ்வளவுதான்.

ஆனால் பீர் குடிக்கிற இடத்தில் அவன் அடிக்கடி சொன்ன ஒன்று பலருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரை உண்டாக்கிய பழைய ராஜா அமன்ஹோதெப், செத்த பிறகு எங்களுக்குச் சாமி. திருவிழா நாளில் அவர் சிலையைப் பல்லக்கில் வைத்து நான்கு பேர் தூக்கி வருவார்கள். வழக்கு இருக்கிறவர்கள் வழியில் நின்று கேள்வியைச் சொல்வார்கள். சாமி முன்னால் வந்தால் ஆம், பின்னால் போனால் இல்லை. அதோடு வழக்கு முடிந்தது. தூக்குகிறவர்களும் எங்களில் சிலர்தான், முறை வைத்து.

"சாமி எங்கடா நடக்குது? தூக்குறவன்தான் நடக்குறான்" என்பான் கஸா.

அப்படிப் பேசியவனுக்கே ஒரு வழக்கு வந்தது.

மேற்குச் சரிவில் பாதி தோண்டிக் கைவிட்ட கல்லறை ஒன்று மண் மூடிக் கிடந்தது. ஓய்வு நாட்களிலெல்லாம் போய்க் கஸா அதை ஒண்டியாகத் தோண்டி எடுத்தான். அரசர்களுக்கு அழியாத வீடு கட்டுகிற கைதான், ஆனாலும் தனக்கென்று செத்த பிறகு படுக்க ஒரு பொந்து இல்லை என்ற கவலை அவனுக்கு நெடுநாளாக உண்டு. இங்கே வேறு எந்தக் கவலையையும் விட அது பெரியது. வாசல் தெரிந்த மறுநாளே விதவை ஹுன்ரோ வந்து நின்றாள். அது தன் மாமனார் வெட்ட ஆரம்பித்தது என்றாள். அவள் புருஷன் நக்த்மின் இன்னும் அடுத்தவர் கல்லறையில் ஓரமாக ஒண்டிப் படுத்திருந்தான். இருவரிடமும் நியாயம் இருந்தது. சாமியைக் கேட்போம் என்றது ஊர்.

திருவிழா அன்று பல்லக்கின் முன்பக்கம் தூக்கும் முறை கஸாவுடையது.

"மேஸ்திரி, இது நல்லாவா இருக்கு? வழக்கும் இவனோடது, தோளும் இவனோடது!" என்று கோயில் வாசலில் ஒரு கல்வெட்டி கத்தினான்.

மேஸ்திரி அவனை நிதானமாகப் பார்த்தார். "ஏண்டா, சாமி நடக்குதா, தூக்குறவன் நடக்குறானா?"

கல்வெட்டி குரலைத் தாழ்த்தினான். "சாமிதான் மேஸ்திரி."

"அப்புறம் எவன் தூக்குனா உனக்கென்ன?"

இதற்கு எதிராக வாய் திறக்க ஒருவனாலும் முடியவில்லை. திறந்தால் கஸா சொல்வதையே சொன்னதாக ஆகிவிடும். கஸாவின் முகத்தில் எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு.

"தூக்கட்டும் மேஸ்திரி" என்றாள் ஹுன்ரோ. "மொட்டை போட்டிருக்கான், குளிச்சிருக்கான், சுத்தபத்தமா மீனைத் தொடாம இருந்திருக்கான். கஸா மீனை விட்டதே ஒரு அதிசயம். இன்னொண்ணும் நடக்காதா?"

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தாள்.

பல்லக்கு தெருமுனைக்கு வந்தது. எழுத்தர் முன்னால் நின்று கேட்டார்: "எங்கள் நல்ல ஆண்டவரே, சரிவில் இருக்கும் கல்லறை கஸாவுக்கா?"

கஸா வலது காலை ஊன்றி முன்னால் சாய்ந்ததை நான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. பல்லக்கு ஆடியது. சாமியின் தலையில் இருந்த இறகு நடுங்கியது. பிறகு மெல்ல, யாரோ நினைத்துப் பார்த்து முடிவெடுத்ததைப் போல, பல்லக்கு பின்னால் நகர்ந்தது.

"யோவ், காலு! என் காலு!" என்று பின்னால் தூக்கியவன் அலறினான். கஸாவின் குதிகால் அவன் விரல் மேல் இருந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். ஹுன்ரோ மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை கஸாவிடம் கேட்டேன். "தள்ளுனியா?"

"தள்ளுனேன். உங்கிட்ட என்ன மறைக்கிறது? மலையைத் தள்ளுற மாதிரி இருந்துச்சுடா."

மற்ற மூன்று பேரையும் தனித்தனியே விசாரித்தேன். ஒருவனும் இழுக்கவில்லை. மற்றவர்கள் போனார்கள், நானும் போனேன் என்றுதான் ஒவ்வொருவனும் சொன்னான். பொய் சொல்லும் ஆட்கள் இல்லை. அதற்கு வேண்டிய கற்பனை அவர்களுக்குக் கிடையாது. நியாயம் எந்தப் பக்கம் என்பதை மனம் சொல்லும் முன் தோள் சொல்லிவிடுமோ என்று யோசித்தேன். சாமி என்பதே அதுதானோ என்றும் யோசித்தேன். பூச்சு குழைத்துக்கொண்டே யோசித்ததில் இரண்டு நாள் சாந்து இறுகிப் போனது. விடை வரவில்லை.

கஸாவுக்கு வந்துவிட்டது. சாமியை ஏமாற்றப் பார்த்துத் தோற்றவன் தான் ஒருவனே என்பதால், சாமிக்கு ஊரிலேயே உறுதியான சாட்சியும் தானே என்று அறிவித்தான். "நீங்கல்லாம் நம்புறீங்க. நான் மோதிப் பாத்தவன்" என்று பீர் வாங்கிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் சொன்னான். முன்பு அவன் கேலியைத் தாங்கினோம். இப்போது பக்தியைத் தாங்க வேண்டியிருந்தது.

வெளியே சொல்லாத ஒன்று இருந்தது. தீர்ப்புக்கு முன்பே அவன் அந்தக் கல்லறைச் சுவரில் தன்னை வரைந்துவிட்டிருந்தான். செத்தவர்களின் ராஜாவான ஓசிரிஸ் பச்சை முகத்தோடு உட்கார்ந்திருக்க, எதிரே கைகளைத் தூக்கியபடி கஸா. தலைக்கு மேல் பெயர் வேறு. அதை மூடப் பூச்சுச் சட்டியோடு என்னையும் இழுத்துப் போனான். ஹுன்ரோ விளக்கோடு அங்கே நின்றிருந்தாள்.

"இது யாரு தம்பி, நீயா?"

"ஆமாக்கா. இப்பவே அழிச்சிடுறேன்."

அவள் விளக்கை உயர்த்தினாள். "நீ என்னிக்கு இவ்வளவு ஒல்லியா இருந்த?"

"ஓசிரிஸ் முன்னாடி எல்லாருமே ஒல்லிதான்கா."

அவள் விளக்கை ஓசிரிஸ் பக்கம் நகர்த்தினாள். ஓசிரிஸின் முகம் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. கஸாவிடம் நான் அதை இதுவரை சொன்னதில்லை.

"அழிக்காத. பேரை மட்டும் மாத்து. எம் புருஷனும் ஒரு தடவை ஒல்லியா இருந்துட்டுப் போகட்டும்." பிறகு காலால் மூலையைக் காட்டினாள். "மிச்சச் சுவரையும் வரைஞ்சு முடி. அந்த மூலையில உனக்கொரு குழி வெட்டிக்கோ."

கஸா பூச்சுச் சட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"அக்கா," என்றான், "நக்த்மின் அண்ணன் குறட்டை தெருவுக்கே தெரியும். முடிவே இல்லாத காலத்துக்கும் பக்கத்துல படுக்கணுமே."

"நான் படுக்கலையா? வேணாம்னா சொல்லு, சாமியை ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

"ஐயோ, வேண்டாம்! அவருக்கு எதுக்குச் சிரமம்?" என்று சொல்லிவிட்டு, அவள் மனம் மாறுவதற்குள் மூலைக்குப் போய்த் தரையில் நீட்டிப் படுத்து அளந்தான். "நீளம் சரியா இருக்கு. அகலம்தான் கொஞ்சம் இடிக்குது."

"அப்ப நெசமாவே இளைச்சிடு" என்றாள் ஹுன்ரோ.