காற்புள்ளியும் ஆறு எழுத்தும்

மஸ்கெலியாவில் சனிக்கிழமை மழையோடு போன கரண்ட் ஞாயிறு காலைதான் வந்தது. அதற்குள் மடிக்கணினியின் பேட்டரி தீர்ந்திருந்தது. மறுபடி போட்டபோது வழக்கமான படம் வரவில்லை. கறுப்புத் திரையில், ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. தொண்ணூறு வரை எண்ணினேன். பிறகு அவசர நிலை என்று சொல்லிக் கடவுச்சொல் கேட்டது.

பதினொரு மணிக்குக் கொழும்பிலிருந்து மகள் இதில்தான் வீடியோவில் கூப்பிடுவாள். அவள் அம்மா போன பிறகு வந்த ஏற்பாடு. போனில் பேசினால் போதாது அவளுக்கு. "கொரல்ல நீங்க பொய் சொல்லிருவீங்கப்பா. ஒரு ஞாயித்துக்கெழம மொகத்தக் காணாட்டி வேன் புடிச்சு வந்து ஏத்திட்டுப் போயிருவேன்" என்றிருந்தாள். சொன்னால் செய்வாள். அங்கே எனக்கென்று வைத்திருக்கும் அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். இங்கே ஐந்து. எதிலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, ஆனாலும் ஐந்து.

கணினி நின்றுபோன காரணம் எனக்குத் தெரியும். குடும்பப் படங்கள் உள்ள வெளி டிஸ்க்கை, பிரதி எடுத்துக் கொண்டுவருவதாகச் சொல்லி அவள் எடுத்துப் போயிருந்தாள். எந்த டிஸ்க் எங்கே என்று எழுதியிருக்கும் கோப்பில் அதன் வரி அப்படியே கிடந்தது. அன்றிலிருந்து மூடித் திறந்தேனே தவிர அணைக்கவில்லை, அதனால் தெரியவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

திருத்துவது எதில் என்பதுதான் பிரச்சினை. பனிமூட்டத்தின் ஈரத்தில் விசைப்பலகையின் இடது ஓரம் செத்துவிட்டது. எஸ்கேப் இல்லை, கன்ட்ரோல் இல்லை. வலப்பக்கக் கன்ட்ரோல் இந்தக் கணினியில் முதலிலிருந்தே கிடையாது. புது விசைப்பலகைக்கு ஹட்டன் போக வேண்டும், ஞாயிறு அந்தக் கடை பூட்டு. நேனோ என்ற எடிட்டரில் எழுதலாம், கன்ட்ரோல் இல்லாமல் சேமிக்க முடியாது. வீஐ என்ற இன்னொரு எடிட்டரைத் திறந்ததும் பழக்கத்தில் விரல் எழுதும் விசையை அழுத்திவிட்டது. அதிலிருந்து வெளியேற எஸ்கேப் வேண்டும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி தொண்ணூறு.

மிஞ்சியது ஈடி. திரையில் எதையும் காட்டாத பழைய எடிட்டர். எழுத்தும் என்டரும் இருந்தால் போதும். நான் அதைப் பதிந்து வைத்ததைப் பார்த்து மருமகன் முன்பு சிரித்தார்: "இருட்டுல சோறு திங்கிற மாதிரி இருக்கே மாமா."

இந்த வீட்டில் பெரும்பாலும் அப்படித்தான் தின்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

ஈடி இரண்டே விதமாகப் பதில் சொல்லும். பிழையென்றால் ஒரு கேள்விக்குறி. கோப்பைத் திறந்தால், சேமித்தால், அதில் எத்தனை எழுத்து என்ற அளவு. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவனுக்கு அது போதுமான பேச்சு. திறந்தேன்: 614. ஐந்தாவது வரி. அதன் முன்னால் ஒரு குறி போட்டால் கணினி அந்த டிஸ்க்கை மறந்துவிடும். விரல் வரை வந்துவிட்டது. போடவில்லை. நோஃபெயில் என்று இன்னொரு சொல் இருக்கிறது. டிஸ்க் வந்தால் சேர்த்துக்கொள், வராவிட்டால் நிற்காதே என்று பொருள். காற்புள்ளியும் ஆறு ஆங்கில எழுத்தும். எழுதிச் சேமித்தேன். 621. ஏழு கூடியிருந்தது, சரி.

பத்து ஐம்பத்திரண்டுக்குக் கணினி எழுந்தது. அவசரமாகச் சவரம் செய்ததில் தாடையில் கீறல். அந்தப் பக்கத்தைத் திருப்பி உட்கார்ந்தேன்.

மகள் சாப்பிட்டீர்களா என்றாள், மாத்திரை கேட்டாள், பின்னால் சுவரில் பூஞ்சை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தாள். காலையில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள்.

"அந்த டிஸ்க்க இன்னும் காப்பி பண்ணலப்பா. இந்த மாசம் வர முடியாது போல. அவசரமா?"

"அவசரமில்லம்மா. வந்தா சேத்துக்கிரும். வராட்டியும் நிக்காது, ஓடும்."

"எதுப்பா?"

"கம்ப்யூட்டரு" என்றேன்.