தோய்க்கிற கல்லில் அரைத்த சரக்கு

மகளுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் நாங்கள் குருநகரை விட்டு நடந்தோம். தொண்ணூற்றைந்தின் மாரி, இராணுவம் நெருங்கிவந்த நேரம். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஊரே நடந்தது. அந்த நடையைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல இன்றுவரை என்னால் முடிவதில்லை. தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுகிறேன். ஆகவே கொடிகாமத்துத் தென்னங்காணியிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே நடந்தவை சொல்லக்கூடியவை. சிலவற்றைச் சிரித்துக்கொண்டும் சொல்லலாம்.

காணியின் பின்பக்கம் பற்றைக்காடு, நடுவில் ஒரு கிணறு. மரத்துக்கு ஒரு குடும்பம் என்று ஆட்கள் இறங்கியிருந்தார்கள். எங்கள் மரத்தடியில் நான், மனைவி, மகள், அவளுடைய குழந்தை. மருமகன் வேலைக்கென்று கொழும்புக்குப் போனவர், பாதை மூடியதால் அங்கேயே நின்றுவிட்டார். பக்கத்து மரத்தடியில் மயிலிட்டிக் கடற்கரைப் பெண் ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், கணவரோடு இருந்தாள். ஊரைவிட்டு எழும்புவது அவளுக்கு இது நான்காம் முறை. நாங்கள் தறப்பாளின் ஒரு மூலையைக் கட்டி முடிக்குமுன் அவள் கொட்டில் போட்டு, அடுப்பு மூட்டி, தேநீரும் கொண்டுவந்துவிட்டாள்.

"குருநகராருக்கு இது முதல் தரம்போலை. பயப்பிடாதேங்கோ அண்ணை, பழகிப்போம்" என்றாள்.

பயம் எனக்கு வேறு இடத்தில் இருந்தது. மூன்றாம் நாள் மகளுக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை வாயை வைக்கும், இரண்டு தரம் இழுக்கும், விட்டுவிட்டு வீரிடும். சந்தையில் பால்மா கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். திரும்பி வரும்போது குழந்தையின் அழுகை கேட்காவிட்டால் பயந்தேன், கேட்டாலும் பயந்தேன்.

"சரக்குக் கறி வைச்சுக் குடுத்தால் பால் ஊறும்" என்றாள் மனைவி. "வறுத்து இடிச்ச சரக்கு பேணியிலை கிடக்கு. இவர் கொண்டந்தவர்."

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் மிளகாய்த்தூள் சேர்ப்பதில்லை. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, உள்ளி சேர்த்து மீன் குழம்பு வைப்பார்கள். அந்தச் சரக்கை மனைவி மகளின் பேற்றுக்கு ஒரு மாதம் முன்பே தயாராக்கி, ஒரு பால்மாத் தகரப் பேணியில் அடைத்து, அடுப்படித் தட்டில் வைத்திருந்தாள். புறப்படும் அவசரத்தில் "தட்டிலை இருக்கிற பேணியை எடுங்கோ" என்று கத்தியது எனக்குக் கேட்டது. நான் எடுத்தேன். பாரமாக இருந்தது. நிறைய வைத்திருக்கிறாள், நல்ல தாய் என்று நினைத்தேன். கை மாற்றிக் கை மாற்றி அந்தப் பேணியைக் கொடிகாமம் வரை காவியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மனைவி மூடியைத் திறந்தாள். உள்ளே என் தம்பியின் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள்.

கடற்கரை வீடுகளில் சீனி, ஊசி, தூண்டில், மருந்து எல்லாமே பால்மாப் பேணிக்குள்தான் இருக்கும். எந்தப் பேணியில் என்ன என்று வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தெரியும். தட்டில் இரண்டு பேணிகள் இருந்திருக்கின்றன. நான் பாரமானதைத் தூக்கியிருக்கிறேன்.

மனைவி என்னோடு கதைக்கவில்லை. தென்னைமரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நாப்பது பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற மனுசன். மல்லிக்கும் ஈயத்துக்கும் பாரம் தெரியேல்லை."

மயிலிட்டிக்காரி எட்டிப் பார்த்தாள். "நல்ல சரக்குத்தான் அண்ணை. ஒரு கரண்டி குடுத்தால் பேரன் பாயை விட்டு எழும்பான்."

பாயில் சுருண்டு கிடந்த மகளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளென்று பதறித் திரும்பினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா பாவம் அம்மா... அவ்வளவு தூரமும்... நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு வந்தவர்."

மயிலிட்டிக்காரி பனையோலையை மடித்துக் கிண்ணம்போல ஒரு பிளா கோலிக்கொண்டு மரம் மரமாகப் போனாள். அரை மணித்தியாலத்தில் திரும்பினாள். ஒரு மரத்தடியில் மல்லி, இன்னொன்றில் மிளகு, கிணற்றடிக் குடும்பத்திடம் நான்கு பல்லு உள்ளி; மரத்துக்கொரு புத்திமதியும் கிடைத்ததாம். எல்லாம் முழுசாக இருந்தன. அரைக்க அம்மி இல்லை. மணல் காணியில் கல்லும் இல்லை.

கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல் ஒன்று பதித்திருந்தார்கள். அதைக் காட்டினேன்.

"உடுப்புத் தோய்க்கிற கல்லிலையோ பிள்ளைபெத்தவளுக்குச் சரக்கு அரைக்கிறது?" மனைவி இப்போது நேரே என்னிடம்தான் கத்தினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாம்பலும் உப்பும் போட்டுத் தென்னந்தும்பால் தேய்த்தேன். மனைவி குனிந்து கல்லை மணந்தாள். "சவுக்காரம் மணக்குது." மறுபடியும் தேய்த்தேன். மூன்றாம் தரம் மணந்துவிட்டு மிளகைக் கல்லில் கொட்டினாள்.

குழவிக்கு வேலியோரம் கிடந்த தடித்த சாராயப் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்தேன். வெறும் போத்தல் பாரமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டு, வாயைத் தேங்காய்ப் பொச்சுமட்டையால் இறுக்கி அடைத்தேன். உருட்டிப் பார்த்தால் மிளகு நொறுங்கியது.

"சாராயப் போத்தல், தோய்க்கிற கல்லு" என்றாள் மனைவி. "பாதர் அறிஞ்சால் இதுக்கொரு பாவசங்கீர்த்தனம் வைப்பார்." ஆனால் போத்தலை என் கையிலிருந்து பறித்துத் தானே அரைத்தாள்.

அதன்பிறகு எனக்குக் கை ஓயவில்லை. ஈயம் இருந்த பேணியோடு வேறு இரண்டு பேணிகளிலும் மணலை நிறைத்து அடுப்புக்கல்லாக வைத்தேன். சோடா மூடிகள் மூன்றைப் பல்லுப்பக்கம் வெளியே தெரிய ஒரு தடியில் அறைந்தேன். தேங்காய் துருவ அது போதும். சிரட்டையில் இரண்டு துளையிட்டுப் பூவரசங்கம்பைச் செருகினேன், அகப்பை. வலை முடிச்சுப் போட்டுக் கட்டியதால் அது கழலவேயில்லை. என் கை எதையாவது செய்துகொண்டிருந்த நேரமெல்லாம் அந்த நடை நினைவுக்கு வரவில்லை.

மயிலிட்டிக்காரியின் கணவர் கச்சாய்க் களப்பில், அந்த ஆழமில்லாத கடலேரியில், ஒருவருடைய தோணியில் மீன்பிடிக்கப் போய்வந்துகொண்டிருந்தார். மத்தியானம் ஒரு கோர்வை ஓரா மீன் கொண்டுவந்தார்.

"பால்சுறா இல்லையோ?" என்றாள் மனைவி.

"களப்புக்கை பால்சுறாவுக்கு எங்கை போறது அக்கா? நான் சொல்லிப் பாத்தனான், அது வரமாட்டன் எண்டிட்டுது."

"எங்கடை குருநகரிலை பிள்ளைபெத்தவளுக்குப் பால்சுறாதான்."

"எங்கடை மயிலிட்டியிலை ஓராதான்" என்றாள் அவர் மனைவி. "உங்கடை பிள்ளையளை விட எங்கடை பிள்ளையள் கொழுப்பு."

கறி கொதிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் அவர்கள் இருவருமாகத் தறப்பாளின் நான்கு மூலைகளையும் அடுப்புக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றோம். புகையில் எல்லோருடைய கண்ணிலும் நீர். மகள் குத்தரிசிச் சோற்றைக் குழம்பில் குழைத்துச் சாப்பிட்டாள். பிளாவில் இன்னும் கொஞ்சம் வார்க்கச் சொல்லி நீட்டினாள்.

பின்னேரம் குழந்தை அழுதது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. நான் தடியொன்றை எடுத்துத் தேவையில்லாமல் சீவிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையும் அதே கறி. காலையிலும் குழந்தை இழுத்தது, விட்டது, வீரிட்டது. பசுப்பாலைத் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்துக் கொடுக்கலாமா என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். பசு வைத்திருக்கிறவர் யாரென்று விசாரிக்க எழும்பினேன். மகள் மறித்தாள்: "இன்னும் ஒரு நேரச் சாப்பாடு முடியட்டும் அப்பா."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மறைப்புக்குக் கட்டியிருந்த சேலைக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்தேன். அழுகை தொடங்கி, சட்டென்று நின்றது. என்ன ஆயிற்றோ என்று எழும்பப்போனேன். அப்போது கேட்டது. 'களுக்.' கொஞ்சம் பொறுத்து மறுபடி. பிறகு விடாமல், அவசர அவசரமாக, விழுங்குகிற சத்தம்.

"அம்மா" என்றாள் மகள், சேலைக்கு அப்பால் மெல்லிய குரலில். "வருது. மற்றப் பக்கமும் சட்டை நனையுது."

மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்து மரத்தடியிலிருந்து உடனே குரல் வந்தது. "நான் சொல்லேல்லையோ? ஓரா!"

"ஓராவோ? என்ரை சரக்கு!"

"உங்கடை சரக்கு குருநகரிலை தட்டிலையெல்லோ கிடக்கு அக்கா. இது நாங்கள் குடுத்த சரக்கு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எத்தனை நாட்களுக்குப் பிறகு என்று தெரியவில்லை. சேலையை விலக்கி மனைவியின் தலை வெளியே வந்தது.

"உரத்துச் சிரியாதேங்கோ. பிள்ளை பாலை விட்டிடும்."

வாயைப் பொத்திக்கொண்டேன்.